அடிக்கோடு: யு குறிச்சொல்லா, இன்ஸ் குறிச்சொல்லா?

'அண்டர்லைன்' என்பதற்குத் தமிழில் 'அடிக்கோடு' நிலைத்துவிட்டது. 'அடி' கீழ்ப்பகுதி. 'கோடு' என்பதற்கோ கொம்பு, மரக்கிளை, மலைமுகடு என்றெல்லாம் பொருளுண்டு. 'கோடுதல்' என்றால் வளைதல், அதனால்தான் ஒரு பக்கம் சாயாத நடுவுநிலையைக் குறள் (118) 'ஒருபால் கோடாமை' என்கிறது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்களுக்கு 'அடிவர' என்ற மலையாளச் சொல்லும் பழக்கம். அந்த 'வர' நம் 'வரை'தான். ஆனால் 'அடிவரை' என்று எழுதினால் 'அடி வரைக்கும்' என்று படிக்க இடமிருப்பதால், அடிக்கோடே எனக்குத் தகுந்ததாகப் படுகிறது.

இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்லில், சொல்லைப் பொதிந்து அதன் தன்மையைச் சொல்பவை குறிச்சொற்கள் (டேக்). அவற்றுள் அடிக்கோடு காட்டுபவை இரண்டு: 'யு' (u), பிறகு சேர்த்ததைக் குறிக்கும் 'இன்ஸ்' (ins). திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பொருள்தான் வேறு. 1997 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பு, 'யு' வெறும் தோற்றத்தைச் சொல்வது என்று கருதி அதைக் கைவிடத்தக்கதாக அறிவித்தது. 'இன்ஸ்' புதிதாக நுழைந்ததும் அதே பதிப்பில்தான். 2014இல் எச்.டி.எம்.எல். 5 'யு'வுக்குப் புதுப்பொருள் தந்து மீட்டது: எழுத்துப்பிழையைச் சுட்டுவதுபோல, சொல்லின்மேல் சொற்களால் சொல்லாத ஒரு குறிப்பை வைப்பது.

மாணவர் 'பாலகாடு' என்று ஒற்று விட்டு எழுதியதைப் பக்கத்தில் அப்படியே காட்டிப் பிழையைச் சுட்ட வேண்டுமானால் 'யு' பொருந்தும். பள்ளி அறிவிப்பில் 'வியாழன்' என்றிருந்த கூட்டநாள் பிறகு 'வெள்ளி' என்று மாறினால், பழையதை 'டெல்' குறிச்சொல்லாலும் புதியதை 'இன்ஸ்' குறிச்சொல்லாலும் பொதியவேண்டும். மாற்றிய நாளையும் அதற்குள்ளேயே பதியலாம். இவற்றை முறையே நீக்கம், செருகல் எனலாம். 'இடைச்செருகல்' என்பது சுவடிப் பதிப்பில் வேறு பழியைச் சுமக்கும் சொல், இங்கே வேண்டாம். அழுத்திச் சொல்வதற்கு இரண்டுமே உரியவை அல்ல, அதற்கு 'எம்', 'ஸ்ட்ராங்' இருக்கின்றன. வெறும் அழகுக்குக் கோடு வேண்டுமானால், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சி.எஸ்.எஸ். போதும். எதுவானாலும், கோடிட்ட சொல்லை இணைப்பு என்று நினைத்துப் படிப்பவர் சொடுக்கக்கூடும் என்பதால் சிக்கனம் நல்லது.

தமிழுக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு: சு, பு, ழ போன்றவற்றின் கீழிறங்கும் பகுதியில் கோடு மோதும், அல்லது உலாவி அந்த இடத்தில் கோட்டை அறுத்துவிடும். சி.எஸ்.எஸ்.ஸில் 'டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட்' என்ற பண்பால் கோட்டைச் சற்றுக் கீழே தள்ளினால் எழுத்து தெளிவாகும்.