சி.ஏ.எஸ். பதவி உயர்வு: சான்றிதழ் இருந்தும் கோப்பு ஏன் திரும்பி வருகிறது?

கடலூர், புதுச்சேரி பக்கம் எந்தக் கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) குழு வருவதாக இருந்தாலும், ஆசிரியர்களிடம் முதலில் கேட்கப்படுவது பயிற்சிச் சான்றிதழ்தான். எத்தனை ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போனார்கள் என்பதற்கு நாக்கின் ஆறாவது அளவுகோலில் மதிப்பெண் உண்டு. அதே ஆசிரியர் 21 நாள் ஓரியன்டேஷன் என்ற அறிமுகப் பயிற்சிக்குப் போக அனுமதி கேட்டால் பதில் வேறு: "செமஸ்டர் நேரம் சார், யாரை வைத்து வகுப்பு நடத்துவது?" சான்றிதழ் கல்லூரிக்கு வேண்டும், அதை வாங்கிவர ஆளை விட மாட்டார்கள். சி.ஏ.எஸ். எனப்படும் கல்லூரி ஆசிரியர் பதவி உயர்வுத் திட்டத்தில் மேலே போகவும் அதே சான்றிதழ்தான் வேண்டும் என்பதால், இதில் நஷ்டம் ஆசிரியரின் சம்பளத்துக்கு.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி, லெவல் 10 என்ற சம்பள நிலையில் சேர்ந்த உதவிப் பேராசிரியர் முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டிலும், எம்.ஃபில். இருந்தால் 5 ஆண்டிலும், இரண்டும் இல்லாவிட்டால் 6 ஆண்டிலும் லெவல் 11-க்குப் போகலாம். லெவல் 10 தொடங்குவது 57,700 ரூபாயில், லெவல் 11 தொடங்குவது 68,900-ல். தமிழ்நாடு அரசு 2021 ஜனவரியில் அரசாணை எண் 5 மூலம் இந்த விதிமுறையை ஏற்றது.

ஆண்டுக் கணக்கு முடிந்தால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். லெவல் 11-க்கு 21 நாள் ஓரியன்டேஷன் கட்டாயம். அதோடு ஒரு ரெஃப்ரெஷர் (பாட அறிவைப் புதுப்பிக்கும் பயிற்சி) அல்லது ஆய்வு முறையியல் பயிற்சி வேண்டும். அது இல்லையென்றால் ஒரு வாரப் பயிற்சி இரண்டு, அல்லது இ-சான்றிதழோடு மூக்ஸ் எனப்படும் இணையவழிப் படிப்பு ஒன்று. ஓரியன்டேஷனை மட்டும் முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் கோப்புகள்தான் அதிகம் திரும்புகின்றன. ஒரு வாரம் என்றால் குறைந்தது 5 நாள். வாட்ஸ்அப்பில் வரும் "நூறு ரூபாய் கட்டுங்கள், மூன்று நாள் எஃப்.டி.பி." என்ற ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி இந்தக் கணக்கில் வராது. சான்றிதழில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, நடத்திய நிறுவனத்தின் பெயர் மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். இரண்டு வருடம் கழித்துத் திருத்தித் தர அங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் முன்பு மனிதவள மேம்பாட்டு மையம் என்று இருந்தது. 2023-லிருந்து இந்த மையங்களின் பெயர் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம். பழைய செக்லிஸ்ட்டை வைத்துக்கொண்டு "இந்தப் பெயர் பட்டியலில் இல்லையே" என்று கேட்கும் அலுவலர் எங்கும் ஒருவர் இருப்பார். பெயர் மாறியதற்கான யு.ஜி.சி. அறிவிப்பின் நகலைக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். அவரோடு வாதாடிப் பயனில்லை, தாளைக் காட்டினால் வாய் மூடிவிடும்.

அனுமதி விஷயம். ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் போன்றவற்றுக்குக் கல்வியாண்டில் 30 நாள் வரை முழுச் சம்பளத்தோடு டியூட்டி லீவ் தர அதே 2018 விதிமுறை இடம் தருகிறது. தரலாம் என்றுதான் இருக்கிறது, தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. அதனால் முதல்வரிடம் வாய்மொழியாகக் கேட்டு, வாய்மொழியாக மறுப்பு வாங்கிக்கொண்டு வராதீர்கள். பயிற்சிக்குத் தேர்வான கடிதத்தை இணைத்து எழுத்தில் கொடுங்கள், நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுப்பதானால் எழுத்தில் மறுக்கட்டும். எழுத்தில் மறுக்கச் சொன்னதுமே பாதிப் பேருக்கு அனுமதி கிடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சி.எல்., இ.எல். என்று சொந்த விடுப்பைப் போட்டுப் பயிற்சிக்குப் போகாதீர்கள். ரிலீவிங் ஆர்டர் (பயிற்சிக்காகக் கல்லூரி விடுவித்த உத்தரவு) இல்லாத பயிற்சியைப் பின்னால் ஏற்கவைப்பது பெரும்பாடு.

அடுத்தது தேதி. பணம் போவது இங்கேதான். தகுதி முடியும் நாளில் எல்லாப் பயிற்சியும் முடிந்திருந்தால், பதவி உயர்வு அந்த நாளிலிருந்து. கடைசிச் சான்றிதழ் எட்டு மாதம் தள்ளி வந்தால் உயர்வும் எட்டு மாதம் தள்ளிப்போகும், அடுத்த கட்டமும் அதோடு தள்ளும். பதவி உயர்வுக்கான முதல் மதிப்பீட்டில் தேறாமல் அடுத்ததில் தேறினால், தேறிய தேதிதான் கணக்கு. உரிய நாளுக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்த ஆறு மாதத்தில் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் கோப்பு கல்லூரி மேசையிலும் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலக மேசையிலும் மாறி மாறித் தூங்கும். ஆறு மாதம் தாண்டியதும் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "என் கோப்பு இன்று எந்த மேசையில் உள்ளது?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பத்துக் கேள்வி கேட்டால் மழுப்ப அவர்களுக்கு வசதியாகிவிடும். புதுச்சேரியில் கட்டணம் கட்டும் முறையை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுதோறும் தர வேண்டிய சுயமதிப்பீட்டுப் படிவத்தை அந்தந்த ஆண்டே கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். மொத்தமாகப் பின்தேதியிட்டுக் கையெழுத்துக் கேட்டால், புதிதாக வந்த முதல்வர் போட மாட்டார். அவர் மேல் தப்பும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு ஏற்றபின் சிதம்பரத்திலிருந்து வேறு கல்லூரிகளுக்குப் பணிநிரவலில் (உபரி ஊழியரை வேறிடத்துக்கு மாற்றுவது) போனவர்களுக்கு இது இரட்டைத் தலைவலி. வேலை ஓரிடம், பணிப்பதிவேடு வேறிடம் என்றால் இரண்டு இடத்திலும் ஒப்புகை வேண்டும்.

நாக் ஃபைலுக்கு என்று அசல் சான்றிதழைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். சரிபார்க்க அசலைக் காட்டுங்கள், கையில் நகலை மட்டும் தாருங்கள். குழு வந்துபோனபின் அந்த ஃபைல்கள் எந்த பீரோவில் அடைபட்டன என்று யாருக்கும் தெரியாமல்போன கல்லூரிகள் உண்டு.

"2025-ல் யு.ஜி.சி. புது வரைவு விட்டிருக்கிறதே" என்று யாராவது கோப்பைத் திருப்பினால், அரசிதழில் வெளியான விதியின் நகலைக் கேளுங்கள். வரைவை வைத்து யாருடைய உயர்வையும் நிறுத்த முடியாது.

கௌரவ விரிவுரையாளராக இருந்து நிரந்தரமானவர்களுக்குக் கசப்பான செய்தி. முந்தைய பணியைச் சேர்க்க வேண்டுமானால், அப்போதே உரிய கல்வித்தகுதி இருந்திருக்க வேண்டும், முறையான தேர்வுக்குழு மூலம் வந்திருக்க வேண்டும், மொத்தச் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியருடையதற்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். மாதம் இருபதாயிரம் வாங்கியவரிடம் இப்படி ஒரு நிபந்தனை! உங்கள் காலம் சேரும் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.