ஒன்யோமி, குன்யோமி: உச்சரிப்பு அல்ல, வாசிப்பு

ஜப்பானிய மொழியைத் தமிழில் சொல்லித்தரும் குறிப்புகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: ‘ஒவ்வொரு கன்ஜிக்கும் சீன உச்சரிப்பு, ஜப்பானிய உச்சரிப்பு என இரண்டு உண்டு.’ காணொளிகளிலும் இதே பாட்டுதான். ஒன்யோமி, குன்யோமி என்ற சொற்களுக்கு இப்படித் தமிழ் சொல்வது தவறு. புதிதாகக் கற்பவரைத் தொடக்கத்திலேயே குழப்பிவிடும் தவறு.

கன்ஜி என்றால் ‘ஹான் எழுத்து’, அதாவது சீன எழுத்து. (இதைக் ‘காஞ்சி’ என்று நீட்டி எழுதுவதையும் நிறுத்தினால் நல்லது; முதல் எழுத்து குறில்தான்.) யோமி என்பது ‘யோமு’ என்ற வினையிலிருந்து வந்தது, படி, வாசி என்று பொருள். ஒன் என்றால் ஒலி. குன் என்றால் பொருளை விளக்கிச் சொல்வது. சீனத்திலிருந்து வந்த ஒலியை ஒட்டி வாசிப்பது ஒன்யோமி; அதே பொருளுள்ள ஜப்பானியச் சொல்லால் வாசிப்பது குன்யோமி. உச்சரிப்பு என்பதற்கு ஜப்பானியத்தில் ‘ஹட்ஸுஒன்’ என்று தனிச்சொல்லே இருக்கிறது.

ஒரே ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம்: 生. மண்ணிலிருந்து முளைவிடும் செடியின் வடிவத்தில் பிறந்தது, ஐந்தே கோடுகள். உயிர், பிறப்பு, வாழ்வு எல்லாம் இதற்குள் அடக்கம். 2010-இல் திருத்தப்பட்ட ஜோயோ கன்ஜிப் பட்டியலில் (அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியல்) 2,136 எழுத்துகள் உள்ளன. அதில் இந்த எழுத்துக்கு மட்டும் 12 வாசிப்புகள்: ஒன் இரண்டு, குன் பத்து. இகிரு என்று வாசித்தால் வாழ்வது, உமரெரு என்றால் பிறப்பது, ஹயெரு என்றால் முளைப்பது. நம என்றால் சமைக்காதது, பச்சையானது. பச்சை முட்டைக்கு ‘நம தமகோ’. எதை வாசிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பின்னால் ஒட்டிவரும் ஹிரகனா (ஜப்பானியரின் அசையெழுத்து) எழுத்துகள் காட்டிக்கொடுக்கும்.

இப்போது சொல்லுங்கள், இகிருவும் நமவும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகளா? இரண்டும் வேறு வேறு சொற்கள். உச்சரிப்பு என்றால் நமக்கு ழகரம் சரியாக வருகிறதா என்கிற சங்கதி. அந்தச் சொல்லைக் கேட்ட மாணவர், ஒரே சொல்லை ஊருக்கு ஊர் வேறுவிதமாகச் சொல்கிறார்கள் போல என்றுதான் நினைப்பார். நம் பழைய ஆவணங்களில் வரும் ௵ குறியை வருஷம் என்றும் வாசிக்கலாம், ஆண்டு என்றும் வாசிக்கலாம். ஆண்டு என்பதை வருஷத்தின் உச்சரிப்பு என்று யாராவது சொல்வோமா?

‘சீன’ என்ற அடைமொழி இன்னும் மோசம். மேலே சொன்ன எழுத்தின் ஒன்யோமிகள் ஷோ, ஸேய். ஷோ சீனத்திலிருந்து முன்னதாக வந்த ஒலி. ஸேய், தாங் அரசர்கள் காலத்துத் தலைநகரப் பேச்சை ஒட்டி வந்து சேர்ந்தது. இன்றைய பெய்ஜிங்கில் அது ‘ஷெங்’. நூற்றாண்டுகளாக ஜப்பானியர் வாயில் புழங்கி ஜப்பானியமாகவே ஆகிவிட்ட ஒலியைச் சீன உச்சரிப்பு என்றால் சீனருக்கும் புரியாது. அதைவிட வலுவான சான்று, ‘ஹதரகு’ (வேலை செய்) என்பதற்கான எழுத்து, 働. மனிதனைக் குறிக்கும் எழுத்துக்கூறையும் அசைவைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்து ஜப்பானியர்களே ஆக்கிக்கொண்டது அது. அதற்கும் ‘தோ’ என்று ஒன்யோமி உண்டு; உழைப்பைக் குறிக்கும் ‘ரோதோ’வில் வருவது அதுதான். ஜப்பானில் பிறந்த எழுத்துக்குச் சீன உச்சரிப்பு எங்கிருந்து வரும்?

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ஒன்யோமிக்கு ஒலிவாசிப்பு, குன்யோமிக்குப் பொருள்வாசிப்பு. மூலச்சொல் சொல்வதையே இவையும் சொல்கின்றன. ‘வாசிப்பு’ வடசொல் வழி வந்தது என்று சிலர் ‘ஒலிப்பு’ என்று மாற்றப் பார்க்கிறார்கள். எனக்கும் தனித்தமிழ்மீது பற்று உண்டு. ஆனால் ஒலிப்பு என்பது உச்சரிப்புக்குத் தூய தமிழ் உடை போட்டதுதான். தவறு அப்படியே இருக்கிறது. ‘படிப்பு’ என்றால் கல்லூரிப் படிப்பு முந்திக்கொண்டு நிற்கும். தெளிவா தூய்மையா என்று வந்தால் இங்கே தெளிவுக்கே என் வாக்கு.

மொழிபெயர்ப்பாளர்கள்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ஆங்கிலப் பாடநூல்களில்கூட வாசிப்பு என்று பொருள்படும் சொல்தான் பரவலாக இருக்கிறது. அதையும் கவனிக்காமல், மூலத்தையும் புரட்டாமல், முன்னவர் எழுதியதைப் பின்னவர் படியெடுக்கிறார். அப்புறம் மாணவர் பன்னிரண்டு ‘உச்சரிப்பு’களையும் வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டுவிட்டு, ‘ஸென்ஸேய்’ (ஆசிரியர்) என்ற சொல்லில் வருவதும் அதே எழுத்து, ‘முன்னே பிறந்தவர்’ என்பதே அதன் நேர்ப்பொருள் என்று தெரியாமலே இருக்கிறார். வாசிப்புகளைச் சொல்லோடு சேர்த்துத்தான் கற்பிக்க வேண்டும்.

ஜப்பானியக் கன்ஜி அகராதிகள் ஒன்யோமியைக் கதகனா என்ற இன்னொரு அசையெழுத்திலும் குன்யோமியை ஹிரகனாவிலும் அச்சிடுகின்றன. பார்த்ததுமே வேறுபாடு தெரிந்துவிடும். தமிழ்க் கையேடுகளில் இரண்டும் ஒரே எழுத்துருவில் வரிசையாக நிற்கின்றன. ஒலிவாசிப்பைத் தடித்த எழுத்தில் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.