கூடித் தெளிதல்: குவேக்கர் வழக்கில் ஒரு சொல்லும் அதற்குரிய தமிழும்

கிறித்தவச் சமயக் குழுவினரான குவேக்கர்களின் கூட்டக் குறிப்புகளையோ அவர்களைப் பற்றிய எழுத்துகளையோ தமிழாக்க முற்படும் எவரும் முதல் பக்கத்திலேயே தடுக்கி நிற்கும் ஆங்கிலச் சொல் 'டிஸ்சர்ன்மென்ட்'. பகுத்தறிதல், தேர்ந்தறிதல், நுண்ணறிவு என்று இதற்குப் பல பொருள் சொல்லலாம். ஆனால் ஒரு கூட்டமே அமைதியில் உட்கார்ந்து, வாக்கெடுப்பின்றி, ஒரு முடிவுக்கு வந்து சேரும் முறைக்குப் பெயராக இச்சொல் வரும்போது அவற்றுள் எதுவும் முழுதாகப் பொருந்துவதில்லை. 'தெளிதல்' என்னும் வினையும், குழுவாகச் செய்யும்போது 'கூடித் தெளிதல்' என்னும் தொடருமே இங்கே ஏற்றவை என்பது என் துணிபு. அதற்கான காரணங்கள் இச்சொல்லின் வரலாற்றிலும் குவேக்கர்களின் நடைமுறையிலும் உள்ளன.

இச்சொல்லின் வேர் இலத்தீன். 'டிஸ்' என்பது பிரிவைக் குறிக்கும் முன்னொட்டு; 'கெர்னெரே' என்பது சலித்தல், பிரித்தெடுத்தல் என்னும் வினை. முறத்தில் அரிசியைக் கொழிக்கும்போது கல் ஒரு பக்கமும் மணி ஒரு பக்கமுமாக விலகுகின்றனவே, அந்தச் செயல்தான் இச்சொல்லின் அடியில் இருப்பது. இது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கண்ணால் பிரித்துக் காண்பதையும் அறிவால் வேறுபடுத்துவதையும் குறிக்கலாயிற்று. சமயப் பொருள் விவிலியத்திலிருந்து வந்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 12ஆம் அதிகாரத்தில் அருள்வரங்களை எண்ணும்போது, தமக்குள் எழும் தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியும் வரத்தையும் சேர்க்கிறார். பழைய தமிழ் விவிலியம் இதனை 'ஆவிகளைப் பகுத்தறிதல்' என்று மொழிபெயர்த்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இது மிகச் சரியான ஆக்கமே. 'பகு' என்பதில் இலத்தீன் முன்னொட்டின் பொருள் அப்படியே அடங்கியிருக்கிறது.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்னும் சமயப் போதகரைச் சூழ்ந்து திரண்ட மக்கள் தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். யோவான் நற்செய்தியில் இயேசு தம் சீடரைச் 'சிநேகிதர்' என்று அழைக்கும் இடத்தோடு ஒட்டிய பெயர் அது. 'குவேக்கர்', அதாவது 'நடுங்குவோர்', என்பது 1650ஆம் ஆண்டில் டார்பி நகரத்து நீதிபதி ஒருவர் ஃபாக்ஸை இகழ்ந்து வைத்த பெயர். ஆண்டவரின் வாக்குக்கு அஞ்சி நடுங்குங்கள் என்று ஃபாக்ஸ் அவரிடம் சொன்னதே அதற்குக் காரணம். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது, குருவோ சடங்கோ இல்லாமல் அதனை நேரே கேட்க முடியும் என்பது நண்பர்களின் அடிப்படை நம்பிக்கை. இந்நம்பிக்கையிலேயே ஓர் இடர் ஒளிந்திருக்கிறது: எனக்குள் கேட்பது இறைவனின் குரலா, என் விருப்பத்தின் குரலா?

இந்த வினா 1656ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்களைக் கடுமையாகத் தாக்கியது. இயக்கத்தின் முன்னணிப் பேச்சாளர்களில் ஒருவரான ஜேம்ஸ் நெய்லர், இயேசு எருசலேமுக்குள் நுழைந்த காட்சியைப் போலவே, ஆதரவாளர்கள் துதிபாடிவர, குதிரை மீது பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். நாடாளுமன்றம் அவரை இறைநிந்தனைக் குற்றத்துக்காக விசாரித்து, நெற்றியில் சூடு போடவும் நாவைக் காய்ச்சிய இரும்பால் துளைக்கவும் ஆணையிட்டது. தண்டனையின் கொடுமை ஒருபுறமிருக்க, தனி ஒருவரின் உள்தூண்டுதலைச் சபை சோதித்துப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் இதன்பின் நண்பர்களிடையே வலுத்தது. 1660களின் பிற்பகுதியில் ஃபாக்ஸ் நாடெங்கும் பயணம் செய்து, சபைக் காரியங்களை முடிவுசெய்யும் மாதக் கூட்டங்களை ஒழுங்குபடுத்தினார். கூட்டுத் தெளிவு என்பது குவேக்கர்களிடம் அழகான கோட்பாடாகப் பிறக்கவில்லை; ஒரு காயத்தோடு சேர்ந்து வளர்ந்தது.

அக்கூட்டங்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்குத் தொடக்ககால நண்பர்களில் ஒருவரான எட்வர்ட் பரோ 1662ஆம் ஆண்டில் எழுதிய அறிவுரை இன்றுவரை போற்றப்படுகிறது. உலகத்தார் அவைகளைப் போலச் சூடாக வாதிடுவதும், ஒருவரை ஒருவர் பேச்சில் விஞ்ச முயல்வதும், கட்சி கட்டுவதும் வேண்டா. அன்போடும் பொறுமையோடும் ஒருமனமாக முடிவுக்கு வர வேண்டும் என்பதே அதன் சாரம். பரோ அடுத்த ஆண்டே லண்டன் நியூகேட் சிறையில் இறந்தார்.

அந்த அறிவுரை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்தால்தான் சொல்லின் பொருள் பிடிபடும். சபையின் கூரையைச் செப்பனிடுவதா, கட்டடத்தையே விற்றுவிடுவதா என்பது பேசுபொருள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் அமைதி வழிபாட்டோடு தொடங்குகிறது. கூட்டத்தை நடத்திக் குறிப்பெழுதும் எழுத்தர் பொருளை எடுத்துரைக்கிறார். ஒருவர் எழுந்து, எவரையும் நோக்காமல் எழுத்தரை நோக்கியே, தமக்குப் பட்டதைச் சொல்லிவிட்டு அமர்கிறார். உடனே அடுத்தவர் எழுவதில்லை. சொன்னது உள்ளே இறங்குவதற்கு ஓர் அமைதி விடப்படுகிறது. பிறகு இன்னொருவர் எழுகிறார். அவர் முந்தியவருக்கு மறுப்புரைப்பதில்லை, தம் பங்கு ஒளியைச் சேர்க்கிறார். ஏற்கெனவே சொல்லப்பட்டதை மீண்டும் சொல்வது முறையன்று. அமெரிக்க நண்பர்கள் அந்த இடத்தில் 'அந்த நண்பர் என் மனத்தைப் பேசினார்' என்று மட்டும் சொல்வதுண்டு. ஒரு கட்டத்தில் எழுத்தர் தலைகுனிந்து எழுதத் தொடங்குகிறார். அறை முழுவதும் அமைதியாக அவரைத் தாங்கி நிற்கிறது. எழுதியதை அவர் அங்கேயே படிக்கிறார், சொற்கள் திருத்தப்படுகின்றன. 'இது ஏற்புடையதா' என்று கேட்கும்போது, பிரிட்டன் நண்பர்கள் 'ஆம்' என்பதற்கு மாறாக 'அவ்வாறே நம்புகிறேன்' என்று மறுமொழி தருகிறார்கள். தாங்கள் தவறியிருக்கவும் கூடும் என்னும் பணிவு அந்த விடையிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

எழுத்தர் தாளில் இறக்கி வைப்பதை ஆங்கிலத்தில் 'சென்ஸ் ஆஃப் த மீட்டிங்' என்பார்கள். இதனைக் 'கூட்டத்தின் உணர்வு' என்று பெயர்ப்பது பொருளைத் தளர்த்திவிடும். 'கூட்டத்தின் உள்ளக்கிடக்கை' என்பதே நெருங்கி வருகிறது, ஏனெனில் மேலே மிதக்கும் கருத்துகளுக்கு அடியில் கிடப்பதைத்தான் எழுத்தர் தேடுகிறார். இது கருத்தொருமிப்பும் அன்று. கருத்தொருமிப்பில் ஒவ்வொருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அனைவரும் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நடுப்புள்ளியை அடைகிறார்கள். கூடித் தெளிதலிலோ தேடப்படுவது யாருடைய கருத்தும் அன்று. இக்கூட்டத்தை இறைவன் எங்கே அழைக்கிறார் என்பதே வினா. ஆதலால் ஒருவர், 'எனக்கு இது உடன்பாடில்லை, ஆயினும் கூட்டம் சரியான இடத்தை அடைந்திருக்கிறது' என்று மனமாரச் சொல்லி விலகி நிற்கவும் இடமுண்டு. மறுதலையாக, ஒரே ஒருவரின் கலக்கம் கூட்டத்தை நிறுத்திவைக்கவும் கூடும். தலைகளை எண்ணாமல் சொல்லின் நிறையைப் பார்ப்பதே மரபு.

இம்முறையின் பெருமையோடு அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். 1688ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் பிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸும் வேறு மூவரும் அடிமைமுறைக்கு எதிராக ஒரு முறையீட்டை எழுதி மாதக் கூட்டத்தில் வைத்தார்கள். பொருள் மிகவும் கனமானது, இங்கே தொட முடியாது என்று மாதக் கூட்டம் அதைத் தனக்கு மேலான காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. காலாண்டுக் கூட்டம் அதற்கும் மேலான ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் தீர்ப்புச் சொல்லாமல் ஒதுக்கிவைத்தது. நண்பர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அடிமைமுறையைச் சினந்து கண்டித்த பெஞ்சமின் லே 1738ஆம் ஆண்டில் சபையிலிருந்து விலக்கப்பட்டார். ஜான் உல்மன் என்னும் தையற்காரர் வீடு வீடாகச் சென்று, அடிமை வைத்திருந்த நண்பர்களோடு அமர்ந்து மென்மையாகப் பேசிவந்தார். 1758ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டத்தில் அவர் பேசியபின், அடிமைகளை வாங்குவோரும் விற்போரும் சபைக் காரியங்களிலிருந்து விலக்கப்பட்டனர். அடிமை வைத்திருந்தோரைச் சந்திக்க ஒரு குழுவும் அமர்த்தப்பட்டது. உறுப்பினர் எவரும் அடிமை வைத்திருக்கலாகாது என்னும் முடிவு 1776இல்தான் வந்தது. 1688இலிருந்து எண்ணினால் 88 ஆண்டுகள். சபை உடையாமல் அம்முடிவுக்கு வந்தது உண்மை. அக்கூட்டங்களில் இடமே இல்லாத அடிமைகள் அவ்வளவு காலம் காத்திருந்ததும் உண்மை. இரண்டில் ஒன்றை மறைத்து இச்சொல்லை விளக்குவது நேர்மையாகாது.

இனித் தமிழ்ச் சொற்களை எடைபோடுவோம். பகுத்தறிதல் வேர்ப்பொருளில் சரியாக இருந்தும், தமிழ்நாட்டில் அதன் பெயர்ச்சொல்லான 'பகுத்தறிவு' சுயமரியாதை இயக்கத்தின் வழியாக வேறொரு திட்டமான பொருளைப் பெற்றுவிட்டது. நம்பிக்கையை அறிவால் மறுப்பது என்றே இன்று படிப்போர் கொள்வர். வழிபாட்டுக்குள் நடக்கும் ஒரு செயலுக்கு அதைப் பெயராக வைத்தால் குழப்பமே மிஞ்சும்.

'தேர்தல்' இதைவிட நல்ல சொல்லாக இருந்திருக்கும். தேர்தல் என்றால் பழந்தமிழில் ஆராய்தல். கண்ணகி பாண்டியனைத் 'தேரா மன்னா' என்று விளிப்பது ஆராய்ந்து அறியாத அரசன் என்னும் பொருளில்தான். ஆனால் இன்று தேர்தல் என்றதும் வாக்குச்சாவடியும் விரல் மையுமே நினைவுக்கு வருகின்றன. வாக்களிப்பையே விலக்கிய ஒரு முறைக்கு வாக்களிப்பின் பெயரைச் சூட்ட முடியாது.

எஞ்சுவது தெளிதல். திருக்குறளின் 51ஆம் அதிகாரப் பெயர் 'தெரிந்து தெளிதல்'. அங்கே தெளிதல் என்பது ஒருவரை ஆராய்ந்தபின் நம்புதல். ஆராய்ச்சியின் முடிவில் வந்தடையும் நம்பிக்கை என்னும் அப்பொருள் நம் தேவைக்கு மிகவும் அணுக்கமானது. அதற்கும் மேலாக, இச்சொல் நீரோடு பிணைந்தது. ஆற்றுநீர் கலங்கலாக வரும் நாளில் தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் தேய்த்து, நீரை ஊற்றி, அசைக்காமல் வைத்துவிடுவார்கள். சேறு மெல்லத் திரண்டு அடியில் படியும். கையை விட்டுத் துழாவினால் தெளியாது. குவேக்கர்களின் அமைதி செய்வது ஏறக்குறைய இதையேதான்.

இப்பொருத்தத்தை உறுதிசெய்யும் சான்று குவேக்கர்களின் சொல்வழக்கிலேயே இருக்கிறது. திருமணம் செய்ய விரும்பும் இருவர் வேறு எவருக்கும் வாக்குக் கொடுத்துப் பிணைபட்டிருக்கவில்லையா என்று சபை சிலரை விட்டு விசாரிக்கும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அதற்கு அவர்கள் பயன்படுத்திய சொல் 'கிளியர்னெஸ்', அதாவது தெளிவு. பிற்காலத்தில் வேலையை விடுவது, ஊர் மாறுவது போன்ற தனிவாழ்வு முடிவுகளுக்கும் 'தெளிவுக் குழு' அமைக்கும் வழக்கம் வந்தது. அக்குழுவினர் அறிவுரை கூறுவதில்லை. நேர்மையான வினாக்களை மட்டும் கேட்கிறார்கள்.

துணைச்சொற்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். கூட்டத்தை நடத்தும் 'கிளார்க்' என்பவரைத் தலைவர் என்று பெயர்ப்பது தவறு. அவர் தீர்ப்பளிப்பவர் அல்லர். 'எழுத்தர்' என்பது நம் காதில் அலுவலகப் பணியாளரை நினைவூட்டினாலும், பணிசெய்பவர் என்னும் அந்த ஒலியே இங்கே பொருத்தம். முடிவெடுக்காமல் எல்லாக் கருத்துகளையும் கொட்டிப் பேசுவதற்கென்றே நடத்தும் 'த்ரெஷிங்' கூட்டத்துக்குக் 'கதிரடிப்புக் கூட்டம்' என்னும் நேர்ச்சொல்லே போதும். மணியையும் வைக்கோலையும் பிரித்தறிந்த எவருக்கும் அது விளங்கும்.

'தெளி' என்பது தன்வினை என்பதையும் மொழிபெயர்ப்பாளர் மறக்கலாகாது. 'எழுத்தர் கூட்டத்தைத் தெளிவித்தார்' என்று பிறவினையில் எழுதினால் நடைமுறையே தலைகீழாகிவிடும். கூட்டம் தெளிந்தது, எழுத்தர் அதைக் கண்டு எழுதினார் என்றே எழுத வேண்டும். தெளியாத நாளில், பொருளை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்து எழுத்தர் எழுதும் குறிப்புக்கும் அதே வினை போதும்: 'இப்பொருளில் கூட்டம் இன்னும் தெளியவில்லை.'