தோடம்பழப் பையோடு நட்டஈடு முடிந்துவிடாது

எங்கள் பக்கம் வேலையில் ஒருவருக்கு அடிபட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியாஸ்பத்திரி வாட்டுக்கு முதலாளி வருவார், கையில் ஒரு பை தோடம்பழம், ஒரு பால்மாப் பேணி. கட்டுப்போட்ட கையோடு கிடப்பவர் எழும்பி இருக்கப் பார்ப்பார், மனுசி கதிரை தேடி ஓடுவா. "ஒண்டுக்கும் யோசியாதை, எல்லாம் நான் பாக்கிறன்" என்று சொல்லி, தலையணைக்குக் கீழே பத்தாயிரம் ரூபா வைத்துவிட்டு முதலாளி போய்விடுவார். அத்தோடு சரி.

என்னுடைய சித்தப்பாவுக்கும் இதுதான் நடந்தது. மரக்காலையில் வாள் பட்டு இரண்டு விரல் போனது. பிறகு ஒரு தாளில் "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். "நல்ல மனுசன், வந்து பாத்தவர்" என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்கிறார். நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் வந்து பார்ப்பது வேறு, நட்டஈடு வேறு. நட்டஈட்டைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம்.

அந்தச் சட்டம் புதிதும் இல்லை. இலங்கையின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். வேலை காரணமாக, வேலை செய்துகொண்டிருக்கும்போது விபத்து நடந்து உடலுக்கு ஊனமோ உயிரிழப்போ வந்தால் முதலாளி நட்டஈடு கட்டவேண்டும். யாருடைய பிழை என்பது இங்கே முதல் கேள்வியே இல்லை. "அவன் கவனமில்லாமல் கை வச்சவன்" என்று சொல்லித் தப்பமுடியாது. குடிவெறியில் வேலை செய்து விழுந்தாலோ, பாதுகாப்புக்காகப் போட்டிருந்த மறைப்பை வேண்டுமென்றே கழற்றினாலோ, தெளிவாகச் சொன்ன பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினாலோ கதை மாறும். ஆனால் கிரைண்டர் பிடிக்கக் கண்ணாடியே வாங்கித் தராதவர், கண்ணாடி போடவில்லை என்று எப்படிச் சொல்வார்?

சித்தப்பா போட்ட கையெழுத்து மாதிரியானதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. உங்களுக்குரிய நட்டஈட்டை விட்டுக்கொடுப்பதாக முதலாளியோடு தனியே எழுதிய உடன்படிக்கை செல்லாது. அதனால் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வாய்மூடி இருக்கத் தேவையில்லை.

2022இல் ஒரு பெரிய திருத்தம் வந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நடக்கும் விபத்தும் இப்போது இதற்குள் அடங்கும். சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரே வேலைக்கு வருகிற ஒருவர் நாவற்குழிப் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தால், "அது றோட்டு விபத்து, எங்களுக்கு என்ன?" என்று கைகழுவ முடியாது. ஆகக் கூடிய நட்டஈடு 5,50,000 ரூபாவாக இருந்ததும் அப்போதுதான் 20 இலட்சமானது. எல்லோருக்கும் 20 இலட்சம் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், சம்பளத்தையும் இழப்பின் அளவையும் வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

எங்கள் ஆட்கள் சிக்குப்படுவது சம்பளக் கணக்கில்தான். மேசன் வேலை, கம்பி வேலை, பெயின்ட் வேலை எல்லாம் நாட்சம்பளம், காசு கையில், சிட்டை கிடையாது. அடிபட்ட பிறகு "இவர் எங்களிட்டை வேலை செய்யவே இல்லை" என்று சொன்னால் என்ன செய்வது? ஆகவே இன்றைக்கே ஒரு கொப்பி எடுத்து எந்த நாள், எந்த வீடு, எவ்வளவு காசு என்று எழுதத் தொடங்குங்கள். "நாளைக்குக் கொக்குவில் வேலைக்கு வா" என்று வந்த வட்ஸ்அப் செய்தியை அழிக்கவேண்டாம். ஆஸ்பத்திரியில் கேட்டால் வேலையில் விழுந்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள். முதலாளியைக் காப்பாற்றுவதாக நினைத்து "வீட்டில் வழுக்கி விழுந்தன்" என்று சொன்னால் அதுவே அட்டையில் ஏறிவிடும், பிறகு அதை மாற்ற நீங்கள் படும்பாடு பெரும்பாடு. துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரியில் தரும் நோய் விபர அட்டையை (டயக்னோசிஸ் கார்ட்) பத்திரமாக வையுங்கள்.

கொன்ராக்டர் கூட்டிக்கொண்டு போன வேலையென்றால், தன் தொழிலின் ஒரு பகுதியை அவரிடம் கொடுத்த பெரிய நிறுவனத்திடமும் கேட்கலாம். சொந்தத்தில் தொழில் செய்பவருக்கு இது பொருந்தாது. தன்பாட்டில் பனை ஏறிச் சீவுகிறவர் விழுந்தால் இந்தச் சட்டத்தில் கேட்க ஆளில்லை, எனக்கு மிகவும் மனம் நோகும் இடம் அது.

விண்ணப்பம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்குப் போகவேண்டும். அலுவலகம் கொழும்பில். அது தூரம் என்று விட்டுவிடாமல் முதலில் யாழ்ப்பாணத்துத் தொழில் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், நாளைக் கடத்தாமல் போங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். விபத்தில் ஆள் இறந்திருந்தால் நட்டஈட்டுக் காசு ஆணையாளர் மூலம்தான் குடும்பத்துக்கு வரவேண்டும், செத்தவீட்டில் கொடுத்த கவரை அந்தக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள்.

அப்புறம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) முதலாளி உங்கள் பெயரில் 3 வீதம் கட்டிவந்தால் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் அங்கே தனியாக ஒரு கொடுப்பனவு இருக்கிறது. இனி வேலையே செய்யமுடியாது என்று வைத்தியர் எழுதித் தந்தால் ஊழியர் சேமலாப நிதியையும் (EPF) வயது வரும்வரை காத்திராமல் எடுக்கலாம்.