ஷோர் எக்ஸ்கர்ஷனுக்குத் தமிழ்ல "கரையுலா"

எங்க சித்தப்பா மவன் ஒருத்தன் குரூஸ் கப்பல்ல வேலை பாக்கான். லீவுக்கு ஊருக்கு வந்தா பேச்சுக்கு நடுவுல ஷோரெக்ஸ் ஷோரெக்ஸ்னு ஒரு சொல் வந்துகிட்டே இருக்கும். ஷோர் எக்ஸ்கர்ஷனைத்தான் கப்பல் ஆளுங்க அப்டி சுருக்கிச் சொல்றாங்க. கப்பல் காலையில ஒரு துறைமுகத்துல அணையும், சாயங்காலம் கெளம்பிரும், அதுக்குள்ள பயணிகள இறக்கி ஊரைக் காட்டி திரும்பக் கொண்டாந்து ஏத்தணும், அதுக்குத்தான் இந்தப் பேரு. இப்ப அதுலயே ஈக்கோ ஷோர் எக்ஸ்கர்ஷன்னு ஒரு தனி வகை இருக்கு, கடைத்தெரு கோட்டைனு சுத்தாம காயல், காடு, பறவை, திமிங்கலம்னு பாக்கப் போறது, போற எடத்தைக் கெடுக்காம திரும்பி வாறது. "அண்ணே, இதுக்குத் தமிழ்ல என்ன சொல்லுவீய?"ன்னு போன தடவை கேட்டான். எனக்கு சட்டுனு வாயில ஒண்ணும் வரல. அதுக்கப்புறம் தேடிப் பாத்ததை எழுதுறேன்.

எக்ஸ்கர்ஷன் லத்தீன்ல இருந்து வந்த சொல். எக்ஸ்னா வெளிய, குர்ரேரேன்னா ஓடுறது, ஆக "வெளிய ஓடு"ங்கிறதுதான் வேர். முதல்ல இதுக்கும் ஊர் சுத்திப் பாக்கிறதுக்கும் சம்பந்தமே கிடையாது, கோட்டைக்குள்ள இருந்து படை திடீர்னு வெளிய பாஞ்சு அடிச்சிட்டு உள்ள ஓடிர்றதுக்கும் இதே சொல்தான், பழைய ஆங்கில நாடகங்கள்ல மேடையில சண்டை நடக்கணும்னா ஓரத்துல எக்ஸ்கர்ஷன்ஸ்னு எழுதியிருப்பாங்க. அப்புறம் அர்த்தம் மெல்ல மெல்ல மாறி சின்னப் பயணம்னு ஆச்சு. 1841 ஜூலை 5-ம் தேதி தாமஸ் குக் சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிட்டு லெஸ்டர்ல இருந்து லஃப்பரோவுக்கு ரயில்ல கூட்டிட்டுப் போனாரு, கூட்டமா போயி அன்னைக்கே திரும்புற பயணத்துக்கு எக்ஸ்கர்ஷன்ங்கிற பேரு ஒட்டிக்கிட்டது இந்த மாதிரி ரயில்கள் ஓடின காலத்துலதான். நாம பள்ளிக்கூடத்துல இருந்து திற்பரப்பு அருவி, பத்மநாபபுரம் அரண்மனைன்னு போனதும் அதே எக்ஸ்கர்ஷன்தான்.

குரூஸ்ங்கிற சொல்லு டச்சுக்காரன் மொழியில இருந்து வந்தது. குராய்சன்னா குறுக்க போறது, சிலுவைக்கு அவங்க சொல்ற சொல்லுதான் அதுக்கு வேர். போர்க்கப்பல் கடல்ல ஒரே எடத்துல குறுக்கும் நெடுக்கும் ரோந்து போறதை அப்டி சொல்லியிருக்காங்க. எங்க குளச்சல் கடலுக்கு டச்சுக் கப்பல் வந்ததும் சண்டைக்குத்தான், 1741-ல மார்த்தாண்ட வர்மா படை அவங்கள தோக்கடிச்சது, பிடிபட்ட டிலனாய் பின்னால திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆகி இப்ப புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள அடக்கமாயிருக்காரு. அப்டிப் பாத்தா எக்ஸ்கர்ஷன், குரூஸ் ரெண்டுமே படைக்காரன் வாயில இருந்து உல்லாசத்துக்கு வந்த சொல்லுதான். உல்லாசக் கப்பல் ஓட ஆரம்பிச்சது அதுக்கு நூறு வருஷம் கழிச்சு, 1844-ல பி அண்ட் ஓ கம்பெனி சவுத்தாம்டன்ல இருந்து ஜிப்ரால்டர், மால்டா, ஏதென்ஸ்னு ஆளை ஏத்திட்டுப் போனப்போ.

ஈக்கோவுக்கு வேர் கிரேக்கத்துல ஓய்கோஸ், வீடுன்னு அர்த்தம். 1866-ல எர்ன்ஸ்ட் ஹெக்கெல்ங்கிற ஜெர்மன் அறிஞர் இதை வச்சுத்தான் சூழலியலுக்குப் பேரு கட்டினாரு. இந்த வீடுங்கிற அர்த்தத்தை நான் விடவே மாட்டேன், ஏன்னு சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னால முட்டம் பக்கம் ஒரு கரையில நிக்கிறேன், பழைய வலையை மணல்ல விரிச்சு நெத்திலி காயப் போட்டிருந்தாங்க. ஒரு வேன் வந்துது, கண்ணாடியில ஈக்கோ டூர்னு பச்சை ஸ்டிக்கர். எறங்கினவங்க பின்னால கடல் தெரியணும்னு நகந்து நகந்து ஷூவோட வலை மேலேயே ஏறிட்டாங்க. ஒரு அம்மா ஓடி வந்து "மக்கா, அது திங்கிய சாதனம், மாறி நில்லு மக்கா"ன்னாங்க. திட்டல. குத்த வச்சு உக்காந்து, தலை நசுங்கினது, வயிறு பிரிஞ்சதுன்னு மிதிபட்டதை மட்டும் ஒவ்வொண்ணா பொறுக்கி ஒரு கிண்ணத்துல போட்டாங்க, அது இனி விலைக்கு ஆகாது. கூட வந்த கைடு அந்நேரம் போன்ல பேசிட்டு நின்னாரு. வந்தவங்களுக்கு அது மணல், அந்த அம்மாவுக்கு அதான் அடுக்களை.

சரி, தமிழுக்கு வருவோம். "கடற்கரைச் சுற்றுலா"ன்னு சிலர் எழுதுறாங்க, அது தப்பு. கொச்சியில கப்பல் நின்னா ஆளுங்க போறது காயலுக்கு, தேயிலைத் தோட்டத்துக்கு, பீச்சுக்கே போகாமலும் இருக்கலாம். கப்பல்காரனுக்கு ஷோர்னா பீச் இல்ல, கப்பலை விட்டு எறங்கினா எல்லாமே ஷோர். எங்க கடலோரத்துலயும் கரைங்கிறதுக்கு இதே அர்த்தம் உண்டு, "இன்னைக்கு கடலுக்குப் போகல, கரையிலதான்"ன்னா மணல்ல உக்காந்திருக்கேன்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க. அதனால கரை அப்படியே பொருந்துது. "உல்லாசப் பயணம்" இலங்கைத் தமிழ்ல நல்லாவே புழங்குது, ஆனா அரைநாள் எறங்கி ஏறுறதுக்கு அது நீளம்.

எனக்குப் பிடிச்சது உலா. சுற்றுலாவுக்குள்ளயே அது இருக்கு. சிற்றிலக்கியத்துல உலான்னா தலைவன் வீதியில வருவான், பேதையில இருந்து பேரிளம்பெண் வரைக்கும் ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பாப்பாங்க, அதாவது உலாப் போறவனை ஊர் பாக்குது. வெளிய ஓடுங்கிற எக்ஸ்கர்ஷன்ல இது கிடையாது, உலாவுல ஓட்டமும் இல்ல, போறவன் தானும் பாக்கப்படுறவன்னு ஒரு நெனப்பு இருக்கு. கரை கூட உலா சேந்தா நடுவுல யகரம் வந்து கரையுலா. ஈக்கோ சேக்கணும்னா சூழல் கரையுலா. பசுமைக் கரையுலான்னு வேண்டாம், பச்சை ஸ்டிக்கர் ஒட்டுறது ரொம்ப சுலபம்.

சூழல்ங்கிற அடைமொழி சும்மா வரக்கூடாது. அண்டார்டிகாவுல 500 பேருக்கு மேல ஏத்திட்டு வாற கப்பல் ஆளை இறக்கவே முடியாது, ஒரு எடத்துல ஒரே நேரத்துல 100 பேருக்கு மேல கரையில நிக்கக் கூடாது, இறங்குறதுக்கு முன்னால பூட்ஸைக் கழுவணும், பெங்குயினை விட்டு 5 மீட்டர் தள்ளி நிக்கணும். கலாபகஸ் தீவுகள்ல 16 பேருக்கு ஒரு கைடு. பவளப்பாறையைக் கெடுக்கிற சன்ஸ்கிரீனை பலாவு நாடு 2020-ல தடை பண்ணிட்டு. வெனிஸ் 2021-ல பெரிய கப்பலை நகரத்து நடுக் கால்வாய்ல விடுறதையே நிறுத்திட்டு. ஐகான் ஆஃப் தி சீஸ்ங்கிற ஒரே கப்பல் 7,600 பேரு வரைக்கும் ஏத்தும், எங்க பக்கத்துல சில கடலோர ஊர்ல மொத்த ஜனமே அவ்வளவு இருக்காது, அதுல பாதி ஒரு காலையில எறங்கினா எந்தக் கரை தாங்கும்?

கன்னியாகுமரி மாவட்டத்துல குரூஸ் துறைமுகம் கிடையாது, சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாம் மீன்பிடித் துறைமுகம். ஆனா சூழல் கரையுலான்னா எப்டி இருக்கும்னு காட்ட இங்க எடம் இருக்கு. 2022-ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேந்த சுசீந்திரம் தேரூர் குளத்துக்கு விடியக்காலம் பறவை பாக்கப் போறது, பழையாறு கடல்ல சேர்ற மணக்குடியில அலையாத்தி நிக்கிற காயல் ஓரமா நடக்கிறது. பங்குனி ஆமை முட்டையிட வாற ராத்திரி டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் ஆகாது, குஞ்சுங்க வெளிச்சத்தைப் பாத்து கடலை விட்டுட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிரும். கரைமடி, அதாவது கரையில நின்னு இழுக்கிற பெரிய வலை, இழுக்கிற எடத்துல கயித்தைத் தாண்டக் கூடாது. கூட்டிட்டு வாற கைடுக்கு இங்க விசைப்படகு மீன்பிடித் தடைக்காலமே ரெண்டுன்னாவது தெரிஞ்சிருக்கணும், கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31.

இதை எல்லாம் சொன்னதும் தம்பி அடுத்த கேள்விய போட்டான். துறைமுகத்துல ஆழம் பத்தலன்னா கப்பலை வெளிய நிறுத்தி சின்னப் படகுல ஆளைக் கரைக்குக் கொண்டு வருவாங்கல்ல, நம்ம விவேகானந்தர் பாறைக்கு போட்ல போறதைத் திருப்பிப் போட்ட மாதிரி, அந்த டெண்டர் போட்டுக்கு என்ன சொல்லன்னான். அட்டெண்ட், அதாவது கூட இருந்து உதவுறதுங்கிற சொல்லு தேஞ்சு வந்ததுதான் டெண்டர். எங்க ஊர்ல வள்ளம் இருக்கே, கரைவள்ளம்னு சொல்லுன்னேன்.