தழைக்கு ஒரு பாத்தி, தனியாவுக்கு ஒரு பாத்தி

மாடித்தோட்டத்தில் மல்லி போடுகிறவர்கள் ஒரே தொட்டியிலேயே தழையும் வேண்டும், தனியாவும் வேண்டும் என்று பார்க்கிறார்கள். கடைசியில் இரண்டுமே அரைகுறை. தழை கிள்ளிக் கிள்ளி மெலிந்த செடியில் மணி சிறுத்துத்தான் வரும். விதைக்கென்று நாலைந்து செடியை ஆரம்பத்திலேயே ஒதுக்கி, செடிக்குச் செடி 15 செ.மீ. இடம் விட்டு, அவற்றில் கை வைக்காமல் விடுங்கள். நெருக்கம் குறைக்கப் பிடுங்கும் செடிகளே முதல் அறுவடை. வேரோடு ரசத்துக்குப் போகட்டும்.

தழை, விதைத்த 30 நாளிலிருந்து எடுக்கலாம். வெளிவட்டத்து இலைகளை மட்டும் காம்பின் அடியில் வெட்ட வேண்டும். நடுக்குருத்தைக் கிள்ளினால் செடி அங்கேயே நின்றுவிடும். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். காலையில் வெட்டுங்கள், நண்பகலில் வெட்டியது ஒரு மணி நேரத்தில் துவளும். ஈரம் இருந்தால் அழுகும் என்பதால், கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இலை நூல்போல மெலிந்து, நடுத்தண்டு எழும்பினால் செடி பூவுக்குத் தயாராகிவிட்டது. வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் இதை முடுக்கும். மார்ச்சுக்குப் பின் போட்ட மல்லி தழைக்காமலே பூப்பது அதனால்தான். நாற்றைப் பிடுங்கி நட்டாலும் இதே கதை. ஆணிவேர் அசைவதைப் பொறுக்காது. பூத்தண்டை வெட்டிவிட்டால் பழைய தழை திரும்பும் என்று சொல்வார்கள், திரும்பாது.

பூக்கும் சமயம் அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி ஏறும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதானால் மாலையில்தான். காலையில் தேனீ வரும், அது வராவிட்டால் மணி குறைவாகத்தான் பிடிக்கும்.

தனியா அறுவடையில் நிறைய பேர் தவறுவது நாள் கணிப்பில். சுமார் 90 முதல் 110 நாளில் முதிரும் என்றாலும், எல்லாக் கொத்தும் ஒன்றாகப் பழுக்காது. முழுதும் காயட்டும் என்று காத்திருந்தால் முதலில் பழுத்தது உதிர்ந்துவிடும், மழை பிடித்தால் கறுத்துவிடும். பச்சையாகவே அறுத்தால் சுருங்கும், மூட்டைப்பூச்சி வாடையும் அடிக்கும். பாதி மணி பச்சை மாறிப் பழுப்பேறியதும், பனி ஈரம் உலர்வதற்குள் அறுத்துவிடுங்கள். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மானாவாரியில் ஏக்கர் கணக்கில் விளைந்தாலும், உங்கள் தொட்டியில் பத்துச் செடி விளைந்தாலும், காய்ந்த கொத்து வெயிலில் உதிர்வது ஒன்றுதான்.

கொத்துகளைக் கட்டித் துணிப்பைக்குள் தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். கடும் வெயில் நிறத்தையும் வாசனை எண்ணெயையும் எடுத்துவிடும். கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடைய வேண்டும், அதன் பிறகு கசக்கி, முறத்தில் புடைத்துக் கண்ணாடிப் பாட்டிலில் அடையுங்கள். ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சணம், மூடி தளர்ந்தால் வண்டு.

விதைக்கு வைப்பதை உடைக்காமல் வையுங்கள். ஒரு மணிக்குள் இரண்டு விதை இருக்கிறது; விதைக்கிற அன்று தேய்த்து இரண்டாக்கினால் போதும். விதைக்கடையில் சிவப்பு, நீலச் சாயம் பூசி விற்பது மருந்து கலந்த விதை. மீந்தது என்று அதை அரைத்துக் குழம்பில் போட்டுவிடாதீர்கள்.