உரிமம்: மாதிரி நிரலோடு ஒட்டிவரும் சொல்

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ ஒருவரை நிறுத்தி "லைசென்ஸ் இருக்கா?" என்றால் கை சட்டைப்பைக்குப் போகும். வண்டி ஓட்டும் லைசென்ஸ்தான் நமக்கு முதலில் தோன்றும். அதே வேலூரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்காக ஒரு எஸ்டிகேவை (செயலி உருவாக்க நிறுவனங்கள் தரும் கருவித்தொகுப்பு) இறக்கி, உள்ளே கிடக்கும் சாம்பிள் கோடை, அதாவது மாதிரி நிரலை எடுத்து ஒட்டி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலும் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கோடுக்கும் லைசென்ஸ் உண்டு.

'அனுமதிக்கப்பட்டிருத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து 'லிக்கென்ஷியா' வந்து, அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஒழுக்கம் கெட்டவரைக் குறிக்கும் 'லைசென்ஷியஸ்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். அனுமதி மிஞ்சினால் அப்படி!

நம் சட்டத்தில் இச்சொல்லுக்குத் தெளிவான வரையறை, கணினிக்கு வெகு முன்பே மண்ணை வைத்து எழுதப்பட்டது. கிரயப் பத்திரத்தில் 'ஈஸ்மெண்ட் பாத்தியங்கள் உள்பட' என்று எழுதுவார்களே, அந்த ஈஸ்மெண்டுக்கான (அடுத்தவர் நிலத்தில் நமக்குள்ள வழிப்பாத்தியம் போன்றவை) 1882-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அது. வட ஆற்காடு இருந்த சென்னை மாகாணத்துக்கு அது தொடக்கத்திலேயே பொருந்தியது. அதன் 52-ஆம் பிரிவு சொல்வது இது: அடுத்தவர் இடத்தில், அனுமதி இல்லாவிட்டால் சட்டவிரோதமாகிவிடும் ஒன்றைச் செய்ய அவர் தரும் ஒப்புதலே லைசென்ஸ், அதனால் அந்த இடத்தில் நமக்கு எந்தப் பாத்தியமும் உண்டாகாது. வீட்டுக்காரர் திண்ணையில் பூக்கடை போட்டுக்கொள்ளச் சொன்னால் கடை நம்முடையது, திண்ணை அவருடையதே. சாம்பிள் கோடுக்கும் கணக்கு இதுதான்.

தமிழில் இதற்கு 'உரிமம்' என்ற சொல் நிலைத்துவிட்டது. உரி, உரிய, உரியவர், உரிமை எல்லாம் ஒரே குடும்பம். "அன்பிலார் எல்லாம் தமக்குரியர்" என்னும் குறளில் வருவதும் அந்த 'உரி'யே. ஆனால் உரிமை வேறு, உரிமம் வேறு. நிரலை எழுதிய நிறுவனத்திடம் இருப்பது உரிமை, நமக்கு அது தருவது உரிமம். அவர் உரிமையாளர், நாம் உரிமதாரர். 'ரீடிஸ்ட்ரிபியூஷன் லைசென்ஸ்' என்பதை 'மறுவிநியோக உரிமை' என்று மொழிபெயர்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் குழப்பிவிடுகிறார்கள். 'மறுபகிர்வு உரிமம்' என்பதே சரி என்பேன். இங்கே 'மறு' என்பது திரும்பப் பங்கு பிரிப்பதல்ல, வாங்கியதை இன்னொருவர் கைக்குக் கடத்துவது. சாம்பிள் கோடுக்கு 'மாதிரி நிரல்' போதும். எஸ்டிகேவுக்கு 'மென்பொருள் உருவாக்கக் கருவித்தொகுப்பு' என்பது பலகையில் எழுத நன்றாயிருக்கும், வாய்க்கு எஸ்டிகேதான்.

சிக்கல் எங்கே என்றால், ஒரே தொகுப்புக்குள் இரண்டு உரிமங்கள் இருக்கும். ஆண்ட்ராய்டு எஸ்டிகேவை மறுபகிர்வு செய்யக்கூடாது என்று அதன் ஒப்பந்தம் தடுக்கிறது. கூகுள் வெளியிடும் ஆண்ட்ராய்டு மாதிரி நிரல்களோ பெரும்பாலும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகின்றன. 2004-இல் வந்த அந்த உரிமத்தின்படி நிரலை மாற்றலாம், விற்கலாம். ஆனால் உரிமத்தின் நகலைக் கூடவே தரவேண்டும், மாற்றிய கோப்பில் மாற்றியதாகக் குறிக்கவேண்டும், பழைய பதிப்புரிமை அறிவிப்பை நீக்கக்கூடாது. பிஎஸ்டி உரிமம் இன்னும் சுருக்கம். மூலநிரலாக, அதாவது எழுதியவர் எழுதிய வடிவிலேயே கொடுத்தால் அறிவிப்பு அதிலேயே இருக்கவேண்டும். கணினி ஓட்டும் வடிவுக்குத் தொகுத்த நிரலாகக் கொடுத்தால் கூடவரும் ஆவணத்தில் அறிவிப்பை அச்சிடவேண்டும்.

மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ ஒப்பந்தங்களைத்தான் நிதானமாகப் படிக்கவேண்டும். 'சாம்பிள்' என்று குறிக்கப்பட்ட நிரலை மாற்றவும் பகிரவும் விட்டார்கள், ஆனால் நிபந்தனைகளோடு. அதோடு நம் செயலியில் கணிசமான புது வேலையைச் சேர்த்திருக்கவேண்டும். மூலநிரலை வெளியிட்டே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் உரிமத்துக்குள் அந்த நிரலைச் சிக்கவைக்கக்கூடாது. அப்படிக் கட்டாயப்படுத்தும் ஜிபிஎல் உரிமத்தில் ப்ராஜெக்டை வெளியிட நினைப்பவர் இடறி விழுவது இங்கேதான்.

உரிமமே போடாமல் இணையத்தில் கிடக்கும் நிரல் பொதுச்சொத்தாகிவிடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. பதிவு செய்யாமலே உரிமை பிறந்துவிடும். அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவு, உரிமம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது. கோப்பின் முதல் சில வரிகளில் பச்சையாக ஒளிரும் குறிப்புரைதான் பல நேரம் அந்த எழுத்து. ஒட்டுகிற அவசரத்தில் முதலில் அழிக்கப்படுவதும் அதுவே.

'ராயல்டி ஃப்ரீ' என்பதை 'இலவசம்' என்று எழுதுவதும் தவறு. உரிமத்தொகை கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். நிபந்தனைகள் அப்படியே நிற்கும். 'உரிமத்தொகை இல்லாத' என்று எழுதினால் போதும்.